இரும்புக்குத் தையல்... ஒரகடம் சாலையோரப் பட்டறையில் உயிர்பெறும் பழைய டிராக்டர்கள்!

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் காலை ஆறு மணிக்கு இறங்கினால், ஊர் அதற்குள் பாதி நாளை முடித்துவிட்டதுபோல இருக்கும். இரவு ஷிஃப்ட் முடித்தவர்களை இறக்கிவிடும் கம்பெனி பஸ்கள் ஒரு பக்கம், காலை ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றும் பஸ்கள் மறுபக்கம். கழுத்தில் அடையாள அட்டையோடு டீக்கடையில் நிற்கும் கூட்டத்தில் தமிழோடு இந்தியும் ஒடியாவும் கலந்து கேட்கிறது. ராமானுஜர் பிறந்த ஊர் என்பதும், ராஜீவ் காந்தி உயிரிழந்த ஊர் என்பதும் வெளியூர்க்காரர்களுக்குத்தான் முதலில் ஞாபகம் வரும். இங்கே இருப்பவர்களுக்கு இது ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் ஊர்.

1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே உருண்டது. அப்புறம் ஒரகடம் பக்கம் 2010-ல் ரெனோ-நிஸான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரிகளைத் தயாரிக்கும் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்து இறங்கினார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையில் வல்லக்கோட்டை முருகனைத் தாண்டி ஒரகடம் சேர்வதற்குள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய டிரெய்லர்கள் எத்தனை என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

நான் தேடிப்போனது புது வண்டியை அல்ல. எங்கள் அலுவலக வாட்ஸ்அப்புக்கு வாசகர் ஒருவர் 20 விநாடி வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தார். கறுத்துப்போன ஓர் இரும்புச் சுவர். அதில் தலைமுடியைப் பின்னியதுபோல, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறிய சின்னச் சின்ன வட்டங்கள். கீழே ஒரே வரி: 'பழைய டிராக்டர் இன்ஜின் பிளாக்குக்கு எங்கள் மேஸ்திரி போட்ட தையல்.'

இரும்புக்கு எப்படித் தையல் போட முடியும்? அந்த ஒரு கேள்விதான் என்னை பஸ் ஏற்றியது.

ஒரகடம் கூட்டுச்சாலையில் வாலாஜாபாத் பக்கம் திரும்பினேன். கம்பெனிகளின் நீளமான காம்பவுண்டுச் சுவர்கள் கொஞ்ச தூரம் கூடவே வந்தன. சுவர் முடிந்ததும் ஓர் ஏரிக்கரை, நாற்றுவிட்ட வயல்கள், புளியமரங்கள். அங்கேதான், போர்டு எதுவும் இல்லாத தகரக் கொட்டகை. வாசலில் டிராக்டர் ஒன்று நடுவில் இரண்டாகப் பிளந்து நின்றது. முன்சக்கரம் ஓரிடத்தில், பின்சக்கரம் பத்தடி தள்ளி. நடுவே இருக்கவேண்டிய இன்ஜின், உள்ளே மரக்கட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தது.

மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். காதில் பென்சில், கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. "பேரு, போட்டோ எதுவும் போடாதம்மா. அப்புறம் வெல்டிங் பட்டறைக்காரங்க எல்லாம் சண்டைக்கு வருவாங்க" என்று சிரித்தார். பக்கத்தில் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் குந்தியிருந்தார். கொட்டகைக்கு வெளியே பைக்கில் சாய்ந்தபடி ஓர் இளைஞர். பெரியவரின் மகன். அன்று முழுக்க அவர்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. அதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

ஒரு குடம் தண்ணீர்

நடந்ததை மேஸ்திரிதான் சொன்னார். பொங்கலுக்கு முந்தைய வாரம். நவரைப் பட்டத்துக்குச் சேடை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துக்காரர்களுக்கு நவரை, சொர்ணவாரி, சம்பா மூன்றும் பழக்கமான பேர்கள். ஏரியில் தண்ணீர் இருக்கும்போதே நடவு முடிய வேண்டும் என்பதால், ஜனவரியில் டிராக்டர்களுக்கு ஓய்வே இருக்காது. சேற்றில் இழுக்கும் வண்டி, தார்ச் சாலையில் ஓடும் வண்டியைவிடப் பல மடங்கு திணறும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிக்கு லீவு என்பதால் மகன் ஓட்டியிருக்கிறார். ஃபேன் பெல்ட் அறுந்தது தெரியவில்லை. இந்த மாடலில் காற்றாடியையும் வாட்டர் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. பெல்ட் போனால் இரண்டும் போச்சு. புகை வந்ததும் நிறுத்திவிட்டு, பதற்றத்தில் வாய்க்கால் தண்ணீரை ஒரு குடம் மொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறார்.

"டங்குனு ஒரு சத்தம் கேட்டுச்சாம். அவ்வளவுதான்" என்றார் மேஸ்திரி. மகன் வெளியே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குளிர் நாடுகளில் இன்ஜின் பிளாக் உடைவதற்குப் பனிதான் முதல் எதிரி. உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவிகிதம் விரியும். எந்த இரும்புச் சுவராலும் அதைத் தடுக்க முடியாது. நம் ஊரில் கதை நேரெதிர். இங்கே பிளாக்கை உடைப்பது சூடு. சரியாகச் சொன்னால், சூட்டின்மேல் திடீரென்று விழும் குளிர்ச்சி. கொதிக்கிற டீ இருந்த கண்ணாடி டம்ளரை உடனே குழாயடியில் காட்டினால் என்ன ஆகுமோ, அதேதான்.

அதற்குத் துணையாக இன்னொரு எதிரியும் உண்டு: போர்வெல் தண்ணீர். கூலன்ட் வாங்கும் பழக்கம் பழைய டிராக்டர்காரர்களிடம் குறைவு. உப்புத் தண்ணீரையே வருஷக்கணக்கில் ஊற்றுகிறார்கள். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அந்தப் படிவு இன்ஜினுக்குள் தண்ணீர் ஓடும் வழியெல்லாம் ஏறிவிடுகிறது. படிவு இருக்கும் இடத்தில் சூடு இறங்காது. அந்த இடம் மட்டும் தனியாகக் காய்ந்துகொண்டே இருக்கும். மேஸ்திரி ஒரு ஸ்க்ரூடிரைவரால் பிளாக்கின் தண்ணீர் வழியைச் சுரண்டிக் காட்டினார். சுண்ணாம்புக் கட்டியாக உதிர்ந்தது.

"கல்லு மாதிரி இருக்கிற இரும்பு, ஒரு குடம் தண்ணிக்கு உடையுமா?" என்று கேட்டேன்.

"இது இரும்புதான். ஆனா வார்ப்பு" என்றார்.

அந்த 'ஆனா'வில்தான் விஷயமே இருக்கிறது. பிளாக், மணல் அச்சில் ஊற்றி எடுக்கும் வார்ப்பிரும்பு. அதில் கார்பன் 3 சதவிகிதத்துக்கு மேல் இருக்கும். அந்தக் கார்பன், இரும்புக்குள் மெல்லிய கிராஃபைட் செதில்களாகச் சிதறிக் கிடக்கிறது. அதனால் லாபங்கள் உண்டு. உருக்கி ஊற்றுவது சுலபம், கடைவது சுலபம், டீசல் இன்ஜினின் அதிர்வையும் நன்றாக உள்வாங்கிக்கொள்ளும். அழுத்தினால் மலைபோலத் தாங்கும். இழுத்தால்தான் தாங்காது. ஒவ்வொரு செதிலும் ஏற்கெனவே கிழித்துவைத்த ஒரு சின்னக் கோடு மாதிரி. குளிர்ந்த இடம் சுருங்கும்போது பக்கத்துச் சூடான இடத்தை இழுக்கிறது. கோடுகள் கைகோத்துக்கொள்கின்றன.

காரில், லாரியில் என்றால் இன்ஜின் தனியாக ஒரு சேஸிஸ்மேல் உட்கார்ந்திருக்கும். இந்த வகை டிராக்டர்களில் சேஸிஸே கிடையாது. முன் அச்சு, இன்ஜின் பிளாக், கியர்பாக்ஸ், பின் அச்சு எல்லாம் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்தவை. 1917-ல் ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் உலகம் முழுக்கப் பரப்பிய அமைப்பு இது. அதாவது, இன்ஜின் பிளாக்தான் டிராக்டரின் முதுகெலும்பு. வாசலில் வண்டி ஏன் இரண்டாகப் பிளந்து நின்றது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

செம்பியத்தில் பிறந்தது

பெரியவரின் வண்டி, மாஸி ஃபெர்குசன் 1035. ஊர்வாய்க்கு 'மேஸி'. அவருடைய அப்பா 1989-ல் வாங்கியது. பிளாக்கின் பக்கவாட்டில் அழுக்கைத் துடைத்தால் சிம்ப்ஸன் என்ற பெயர் தெரிகிறது. 1840-ல் மெட்ராஸில் குதிரை வண்டிகள் செய்ய ஆரம்பித்த அதே சிம்ப்ஸன்தான். பின்னாளில் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் வடிவமைப்பில் வடசென்னை செம்பியத்தில் டீசல் இன்ஜின்கள் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம் 1960-ல் டாஃபே கம்பெனியைத் தொடங்கி, அதே செம்பியத்தில் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்தபோது, இந்த இன்ஜின் குடும்பம்தான் அவற்றுக்குள் போனது. இருங்காட்டுக்கோட்டையில் வெறும் பொட்டலும் ஏரியும் இருந்த காலத்திலேயே சென்னை இன்ஜின் ஊர்தான் என்பதற்கு, இந்தக் கறுத்த பிளாக் ஒரு சாட்சி.

வேறு பிளாக் வாங்கிவிடக் கூடாதா என்று கேட்டேன். "புதுப்பேட்டை வரைக்கும் போய்ப் பார்த்துட்டேன்மா" என்று முதல்முறையாகப் பேசினார் பெரியவர். பழைய மாடலுக்குப் புது பிளாக் தேடி அலைய வேண்டும். பழைய பிளாக் வாங்கினால், அதில் என்ன விரிசல் ஒளிந்திருக்கிறதோ தெரியாது. இன்னொரு சிக்கல், இன்ஜின் நம்பர் பிளாக்கில்தான் குத்தியிருக்கும். பிளாக்கை மாற்றினால் நம்பர் மாறும். நம்பர் மாறினால் ஆர்.சி. புத்தகத்தைத் திருத்த ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும். புது டிராக்டர் என்றால் பல லட்சம் ஆகும்.

பெரியவருக்கு நிலம் இப்போது ஒன்றரை ஏக்கர்தான். மீதியை சிப்காட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது. "ஒன்றரை ஏக்கருக்கு எதுக்கு டிராக்டர்னு மருமக கேக்குது. நான் எனக்கா ஓட்டுறேன்? ஊர்ல மிச்சம் இருக்கிற கழனி எல்லாத்துக்கும் இதானே சேடை ஓட்டுது" என்றார். மணிக்கணக்கில் வாடகைக்கு ஓட்டிக் கிடைக்கிற பணம்தான் வீட்டுச் செலவுக்கு. நவரை முடிவதற்குள் வண்டி இறங்கவில்லையென்றால், கழனிக்காரர்கள் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்கள். அடுத்த பட்டத்துக்கும் அந்த வண்டியையே கூப்பிடுவார்கள்.

பற்றவைத்தால் ஒட்டாதா?

விரிசல் என்றால் நம் எல்லோருக்கும் உடனே தோன்றுவது வெல்டிங். மேஸ்திரியைக் கேட்டால் தலையை ஆட்டுகிறார். "வெல்டிங் கெட்டது இல்லம்மா. அவசரம்தான் கெட்டது."

இதை நான் புரிந்துகொண்டது கற்கண்டை வைத்து. ஒரே சர்க்கரைப் பாகுதான். நிதானமாக ஆறவிட்டால் மணி மணியாகக் கற்கண்டு கட்டும். சட்டென்று ஆறவைத்தால் கண்ணாடி மாதிரி உறைந்து, தட்டினால் சில்லுச் சில்லாக உடையும். வார்ப்பிரும்பும் ஏறக்குறைய அப்படித்தான். மெதுவாக ஆறினால் கார்பன் பிரிந்து கிராஃபைட் செதிலாக வெளியே வரும், இரும்பு மென்மையாக இருக்கும். வெல்டிங் போட்ட இடம், சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பு சூட்டை உறிஞ்சுவதால் விநாடிகளில் ஆறிவிடுகிறது. கார்பன் வெளியே வர நேரமில்லாமல் இரும்போடு சேர்ந்து, ஃபைல் போட்டாலும் தேயாத 'வெள்ளை இரும்பாக' மாறுகிறது. வெல்டிங் தாங்கும். வெல்டிங்குக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு விரிசல் ஓடும்.

மேஸ்திரியின் குரு காலத்தில் அதற்கும் வழி இருந்தது. தரையில் குழி வெட்டி, கரி அடுக்கி, முழு பிளாக்கையும் மங்கலான சிவப்பு வரும்வரை, அதாவது 600 டிகிரி செல்சியஸுக்கு மேல், காய்ச்சுவார்கள். அந்தச் சூட்டிலேயே கேஸ் வெல்டிங். ஒட்டுவதற்குத் தனிக் கம்பி கிடைக்காத நாள்களில் பழைய பிஸ்டன் ரிங்கை நிமிர்த்தி உருக்குவார்கள். அதுவும் வார்ப்பிரும்புதானே! முடித்ததும் சாம்பலையும் சுண்ணாம்பையும் கொட்டி மூடி, இரண்டு நாள் தொடக் கூடாது. "குழி பக்கத்துலயே பாய் போட்டுப் படுப்போம். இப்ப யாரு படுப்பா?" என்கிறார். இன்னொரு முறை, நிக்கல் ராடு. நிக்கல் கார்பனோடு சண்டை போடாது, மென்மையாகவே இருக்கும். ஆனால் ஓர் அங்குலம் போட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, கை வைக்கிற சூட்டுக்கு ஆறிய பிறகுதான் அடுத்த அங்குலம். ராடு விலையும் அதிகம்.

பொறுமையாகச் செய்தால் வெல்டிங் எதையும் மீட்கும் என்பதற்குப் பெரிய உதாரணம் ஒன்று சரித்திரத்திலேயே உண்டு. முதல் உலகப் போரில் 1917-ல் அமெரிக்கா இறங்கியபோது, தன் துறைமுகங்களில் முடங்கியிருந்த ஜெர்மன் கப்பல்களைக் கைப்பற்றியது. அதற்கு முன்பே ஜெர்மன் மாலுமிகள் இன்ஜின்களின் வார்ப்பிரும்பு சிலிண்டர்களை உடைத்துப் போட்டிருந்தார்கள். புதிதாக வார்த்தால் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்ற நிலை. மின்சார வெல்டிங்காலும் இரும்பு ஒட்டுகளாலும் சில மாதங்களிலேயே அந்தக் கப்பல்களை ஓடவைத்து, சிப்பாய்களை ஏற்றி அனுப்பினார்கள்.

மேஸ்திரியின் வித்தையும் கப்பலிலிருந்துதான் வந்தது. இளம்வயதில் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ரிப்பேர் கான்ட்ராக்டர் ஒருவரிடம் வேலை பார்த்திருக்கிறார். அங்கே வெல்டிங் போட முடியாத இடங்களில் தையல் போடுவார்கள். இந்தத் தையலின் பூர்வீகம், 1930-களின் அமெரிக்க டெக்சாஸ் எண்ணெய்க் கிணறுகள். எண்ணெயும் வாயுவும் கசியும் இடத்தில் தீப்பொறி பறந்தால் ஊரே போய்விடும். அதனால் நெருப்பே இல்லாமல் உடைந்த இரும்பை இணைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து கப்பல், கப்பலிலிருந்து ராயபுரம் பக்கத்துப் பட்டறைகள், அங்கிருந்து இந்தப் புளியமரத்தடி.

37 தையல்

முதலில் விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவது பாதிதான். மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூசினார். ஐந்து நிமிடத்தில், விரிசலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் வெள்ளைத் தூளில் ஊறி, ஒரு கறுப்புக் கோடாக வெளியே வந்தது. சிவப்புச் சாயம் அடித்துக் கண்டுபிடிக்கும் ஸ்ப்ரே டப்பாவும் வைத்திருக்கிறார். "அது சின்ன விரிசலுக்கு. இதுக்குச் சாக்பீஸ் போதும்."

கோடு, 15 சென்டிமீட்டர்.

கோட்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஓட்டை போட்டார். கூர்மையான முனை இருக்கும்வரை விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும், வட்டமான ஓட்டையில் வந்து விழுந்தால் அங்கேயே நின்றுவிடும். பிறகு, விரிசலுக்குக் குறுக்கே ஐந்து இடங்களில் பூட்டு. வரிசையாக ஓட்டை போட்டு, உளியால் செதுக்கி, பூமாலை மாதிரி குமிழ் குமிழாக இருக்கும் நிக்கல் கலந்த இரும்புத் துண்டை உள்ளே வைத்துத் தட்டி இறுக்குகிறார். விரிசலின் இரண்டு கரைகளையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வது இந்தப் பூட்டுகள்தான்.

அதன்பிறகுதான் அந்த வீடியோவில் பார்த்த பின்னல். விரிசலின்மேல் ஓர் ஓட்டை. மரை போடும் டேப்பைக் கையாலேயே திருகி மரை எடுக்கிறார். 6 மில்லிமீட்டர் ஸ்டட்டைப் பசை தடவித் திருகி, மேலே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டுச் சமப்படுத்துகிறார். அடுத்த ஓட்டை பக்கத்தில் இல்லை. முதல் ஸ்டட்டையே மூன்றில் ஒரு பங்கு கடித்துக்கொண்டு போடுகிறார். அப்போது இரண்டாவது ஸ்டட்டின் மரை, விரிசலின் கரைகளிலும் முதல் ஸ்டட்டிலும் சேர்ந்தே பதிகிறது. மூன்றாவது, இரண்டாவதைக் கடிக்கிறது. ஒன்று கழன்றுவர வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பது விட வேண்டும். இப்படி 15 சென்டிமீட்டருக்கு 37 ஸ்டட். கடைசியில் விரிசல் இருந்த இடமெல்லாம் ஸ்டட்தான். எங்கேயும் நெருப்பு இல்லை. வேலை முடிகிறவரை அந்த இரும்பு கை பொறுக்கும் சூட்டிலேயே இருக்கிறது.

பார்க்க எளிதுபோல இருக்கும். தண்ணீர்ச் சுவரின் கனம் ஐந்தாறு மில்லிமீட்டர்தான். டிரில் கொஞ்சம் சாய்ந்தால் மரை பிடிக்காது, டேப்பைக் கொஞ்சம் வேகமாகத் திருகினால் உள்ளேயே உடைந்துபோகும். உடைந்த டேப்பை எடுப்பது விரிசலை அடைப்பதைவிடப் பெரிய வேலை. ஏழாவது ஸ்டட் வரை நின்று பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம்.

மகன் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருக்கும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. அவர் நிற்கிற லைனில் தினமும் புது பிளாக்குகள்தான் வருகின்றனவாம். கடைந்து, கழுவி, காற்று அழுத்தத்தில் கசிவு சோதித்து அனுப்புவார்கள். "எங்க லைன்ல இந்த மாதிரி தலைமுடி அளவுக்குக் கோடு தெரிஞ்சாலே ரிஜெக்ட் மேடம். சிவப்பு பின்ல போட்டுட்டு அடுத்ததை எடுத்துடணும்" என்றார்.

பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "சூடாயிருச்சுன்னா என்ன பண்ணணும்னு யாரும் சொல்லித் தரலை" என்றார்.

மேஸ்திரி டிரில்லை நிறுத்தாமலேயே பதில் சொன்னார். "மூடியைத் திறக்கக் கூடாது, மூஞ்சி வெந்துடும். ஆஃப் பண்ணிட்டு மரத்தடியில போய் உட்காரணும். ஒரு மணி நேரம் ஆனாலும் உட்காரணும். தொட்டா பொறுக்குற சூட்டுக்கு வந்தப்புறம், கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும்."

செங்கல் நிறத்தூள்

பிற்பகலில்தான் பிரச்னை வந்தது. லைனர்களைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோது, இரண்டாவது சிலிண்டரின் உள்சுவரில் இன்னொரு விரிசல். தண்ணீர் வழிக்கும் லைனருக்கும் நடுவே இருக்கும் சுவர் அது. இந்த வழியாகத் தண்ணீர் கசிந்து ஆயிலில் கலந்தால், ஆயில் பால்காபி நிறத்துக்கு வந்துவிடும். பேரிங்குகள் தேயும், இன்ஜின் மொத்தமும் காலி.

கொட்டகையில் பேச்சு நின்றுபோனது. மேஸ்திரி அந்த விரிசலின் முனையில் ஓர் ஓட்டை போட்டார். வந்த தூளை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். காலையில் 37 தையல் போட்ட இடத்தில் வந்த தூளையும் பக்கத்தில் வைத்தார். காலைத்தூள் சாம்பல் கறுப்பு. இது செங்கல் நிறம்.

"துரு. இது இப்ப வந்தது இல்லண்ணா. பல வருஷத்து விரிசல்" என்று பெரியவரைப் பார்த்துச் சொன்னார். "முன்னாடி எப்பவாச்சும் வண்டி கொதிச்சிருக்கா?"

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தம்பி இஸ்கூல் படிக்கச்சே ஒருமுறை. கரும்பு லோடு ஏத்திக்கிட்டு வரும்போது. நானும் குடத்துலதான் ஊத்துனேன்."

மகன் அப்பாவைப் பார்த்தார். அவ்வளவுதான். ஆனால், அன்று மாலை டீ வாங்கப் போனவர், அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாமல் தனியாக ஒரு கிளாஸ் வாங்கிவந்தார்.

எதையும் சரிசெய்துவிடுவேன் என்று மேஸ்திரி சொல்வதில்லை. அவரிடம் எனக்குப் பிடித்தது அதுதான். கொட்டகை மூலையில் ஒரு பிளாக் கவிழ்ந்து கிடக்கிறது, பையன்கள் அதன்மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். கனெக்டிங் ராடு உடைந்து, கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங் இடத்தையே பிளந்துவிட்ட பிளாக் அது. "அந்த இடம்தான் மொத்த அடியையும் வாங்கும். அங்க தையல் போட்டுக் காசு வாங்கினா, அது பாவம்" என்கிறார். எபாக்ஸி பசையை அப்பி, பெயின்ட் அடித்து, விற்பதற்கு முன் 'ரெடி' செய்யப்பட்ட பிளாக்குகளும் அவரிடம் வந்திருக்கின்றன. பழைய டிராக்டர் வாங்குபவர்களுக்கு அவர் தரும் யோசனை: பிளாக்கில் ஓரிடத்தில் மட்டும் பெயின்ட் பளிச்சென்று இருந்தால், அந்த இடத்தைச் சுரண்டிப் பாருங்கள்.

பெரியவரின் பிளாக்குக்கு வழி இருந்தது. விரிசலுக்கு ஸ்டட் போட்டு நிறுத்திவிட்டு, அந்த சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாக போரிங் செய்து, வெளிவிட்டம் அதிகமான லைனரை இறுக்கமாக இறக்குவது. செலவு கூடும். "வெளிச்சுவருக்கு நான் பொறுப்பு. உள்ளே போட்டதுக்கு டெஸ்ட் பண்ணாம வாக்குத் தர மாட்டேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, இதுவரைக்கும் போட்டதுக்கு மட்டும் வாங்கிக்கிறேன்" என்றார். பெரியவர் மகனைப் பார்த்தார். "போடுங்க" என்றவர் மகன்.

பத்து நாள் கழித்து

இரண்டாவது முறை போனபோது, ஏரியில் தண்ணீர் ஒரு படி இறங்கியிருந்தது. பக்கத்து வயலில் வேறு ஊர் டிராக்டர் ஒன்று சேடை ஓட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பிளாக், போரிங் முடிந்து, லேத் பட்டறையில் மேல்தளமும் சீவப்பட்டு, பளபளவென்று திரும்பி வந்திருந்தது. தண்ணீர் வழிகள் எல்லாவற்றையும் ரப்பரும் இரும்புத் தகடும் வைத்து அடைத்து, ஒரே ஒரு வழியில் மட்டும் காற்றுக் குழாயைச் சொருகியிருந்தார்கள். செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, வெந்நீர்த் தொட்டிக்குள் மெதுவாக இறக்கினார்கள். வெந்நீர் எதற்கு என்றால், சில விரிசல்கள் குளிர்ந்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டு, சூடேறினால்தான் திறக்குமாம்.

கம்ப்ரஸர் ஓடியது. மீட்டர் முள் மெல்ல ஏறி, 3 கிலோவில் வந்து நின்றது. மேஸ்திரி வால்வை மூடினார். கம்ப்ரஸர் சத்தம் அடங்கியதும் சாலையில் போகும் டிரெய்லர்களின் சத்தம் கேட்டது.

தொட்டியைச் சுற்றி ஐந்து தலைகள். ஓர் இடத்தில் குமிழ் ஒன்று கிளம்பி மேலே வந்தது. மகன் "அண்ணே!" என்றார். மேஸ்திரி கையை விட்டு அந்த இடத்தைத் தடவினார். போல்ட் ஓட்டையில் சிக்கியிருந்த காற்று. மறுபடி வரவில்லை.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். முள் 3-லேயே இருந்தது.

"அரை மணி நேரம் இருக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்று கையைத் துடைத்துக்கொண்டு மேஸ்திரி சாப்பிடப் போனார். பையன்கள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, கவிழ்ந்த பிளாக்கின்மேல் போய் உட்கார்ந்தார்கள். ஏ ஷிஃப்ட் முடிவதற்குள் போய்விடலாம் என்று நான் பையைத் தோளில் மாட்டினேன். இல்லையென்றால் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

பெரியவர் எழுந்திருக்கவில்லை. மகன் ஒரு ஸ்டூலை இழுத்துவந்து, மீட்டருக்கு எதிரே, அப்பாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.